பதினேழாவது வீடு: உத்தேசம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது பக்கத்து மேசையில் நடந்தது. அப்போது நான் இன்னொருவர் கட்டுரைக்குக் காற்புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழுந்ததைத் திருடி எழுதுகிறான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

மெல்பர்னில், பிரன்ஸ்விக்கில், துருக்கிக்காரர் ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் 'மூன்றாம் உயிர்' என்ற இணையப் பத்திரிகை நடக்கிறது. வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து, விமர்சனம் எழுதி, பத்துக்கு இத்தனை என்று எண் போடுவது அதன் வேலை. நான் அங்கே பிழை திருத்துபவன். எனக்கு கேம் ஆட வராது. கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தால் திரையில் என் ஆள் சுவரில் முட்டிக்கொண்டே நிற்பான். ஆடாத விளையாட்டுகளைப் பற்றி ஏழு வருஷமாக வாசித்து வாசித்து, ஆடியவனைப் போலவே பேசக் கற்றுக்கொண்டுவிட்டேன். கூச்சமாகத்தான் இருக்கிறது.

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். தூக்கிப் போட மனமில்லாமல் இங்கேயே வைக்கிறேன்.

"டெஸ்பினா கப்ராலோஸ் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று வெளியே மழை" (பெய்யவில்லை. நல்ல வெயில். இந்த மாதிரிக் கதைக்கு மழை வேண்டுமே என்று கை தானாக எழுதிவிட்டது.)

"நியாயமான மதிப்பெண் என்று ஒன்று உண்டா? உண்டு என்றால் அது" (இதற்குமேல் எனக்கே தெரியவில்லை.)

"கதவைத் தட்டிவிட்டு எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?" (இதுதான் சரியான தொடக்கம். ஆனால் அதற்குள் நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். இருக்கட்டும்.)

2

டெஸ்பினாவை எல்லோரும் டெஸ் என்பார்கள். நாற்பத்தொரு வயது. பதினொரு வருஷமாக எண் போடுகிறாள். எங்கள் முகப்புப் பக்கம் முழுக்க விளம்பரம் கொடுத்த கேமுக்கு நான்கு போட்டவள்; யாரோ ஒரு பள்ளிக்கூடப் பெண் விடுமுறையில் செய்த சின்ன கேமுக்கு ஒன்பது போட்டவள். அவள் ஏழு என்றால் வாசகர்கள் அதை எட்டாக்கிப் பேரம் பேசுவதில்லை. காபியை ஆறவிட்டுத்தான் குடிப்பாள். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால் இடது காதைத் தேய்ப்பாள்.

(எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஆகவே இந்தக் கதையில் நான் நடுநிலையாக இருப்பேன் என்று நம்பி ஏமாற வேண்டாம்.)

பத்திரிகையை நடத்துபவர் மெரின் ஓல்டேக்கர். அறுபதைத் தாண்டிய பெண்மணி. இங்கே எல்லோரும் அவரை 'மெரின்' என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் ஏழு வருஷமாகியும் நாக்கு கூசுகிறது. அவர் வைத்திருக்கும் சட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் கறார். ஒரு கேமை இரண்டு பேர் தனித்தனியாக ஆட வேண்டும். ஒருவரோடொருவர் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. எண்ணைச் சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி அவரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு எண்ணுக்கும் நடுவே இரண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் மூன்றாவது ஆள் ஆட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, முழுதும் ஆடாதவர் எண் போடக் கூடாது. அதற்காக உறையோடு ஒரு படிவம். "முழுதும் ஆடினேன்" என்ற ஒரே வரி, கீழே கையெழுத்து. பொய்க் கையெழுத்துப் போட்டவர் அதற்குப் பிறகு ஆயுசுக்கும் இங்கே எண் போட முடியாது. மெரின் தன் தங்கை புருஷனையே இப்படி அனுப்பியிருக்கிறார். கிறிஸ்துமஸ் விருந்தில் இருவரும் இன்னும் மேசையின் இரண்டு கோடியில்தான் உட்காருகிறார்கள்.

[அடிக்குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கே: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்மவர்கள் சொல்வார்கள். முதல் வருஷம் இந்தப் பழமொழியை மெரினிடம் பெருமையாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார், "அடி பிடிச்சிருந்தா?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.]

3

கேமின் பெயர் 'பதினெட்டு வீடுகள்'. டாஸ்மேனியாத் தீவின் மேற்கில், குவீன்ஸ்டவுனில் இருக்கும் கேவின் பைபஸ் என்பவர் ஆறு வருஷம் தனியாளாக உட்கார்ந்து செய்தது. அதில் நீங்கள் மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆள். சுரங்கம் மூடிப்போன ஊரில் பதினெட்டே வீடுகள். வீடு வீடாகப் போய்த் தட்டி, உள்ளே போய், மீட்டரைப் பார்த்து, நோட்டில் எண் எழுத வேண்டும். யாரும் இல்லாத வீடாக இருந்தால் திரையில் ஒரு கேள்வி வரும், 'உத்தேசம் என்று எழுதவா?' என்று. ஆம் என்று அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஆள் இல்லாதபோது நம் வீட்டு மின்சார பில்லில் வருமே, அதே உத்தேசம்தான். பதினொரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, பஸ் ஸ்டாப்பில் ஒரு கிழவியோடு கேம் முடிகிறது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்னால் எந்தப் பத்திரிகையும் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு. ஒன்பது அடித்ததும் எல்லோருடைய எண்ணையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி வரும். சராசரி ஏழுக்குக் கீழே போனால், கேம் விற்கும் இணையக் கடைகள் அதைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடும். பின்வரிசையில் எதையும் யாரும் தேடிப்போய் எடுப்பதில்லை. கேவினின் ஆறு வருஷம் அந்த ஒரு சராசரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

4

திங்கட்கிழமை காலை மெரின் உறைகளைப் பிரித்தார். ஒன்றில் ஐந்து. இன்னொன்றில் ஒன்பது.

ஐந்து டெஸ்ஸுடையது. ஒன்பது போட்டவன் ஃபெட்டூ. சமோவாக்காரன், முப்பது வயது, வாசலில் குனிந்துதான் நுழைவான். என்னை 'ஊசோ' என்று கூப்பிடுவான். அவர்கள் பேச்சில் உடன்பிறந்தவனுக்கு அப்படி. (அவனை நான் இந்தக் கதையில் சிரிப்புக்காக வைத்திருப்பதாக அவனுக்குச் சந்தேகம். கொஞ்சம் நிஜம்தான்.)

"ஒன்பதா? டேய், அந்த ஆளு உனக்கு மாமனா மச்சானா?" என்றாள் டெஸ்.

"அஞ்சா? ஏம்மா, காலைல ஒண்ணும் சாப்பிடாம ஆடுனியா?"

"கடைசில பஸ் ஸ்டாப்ல ஒரு கிழவி நிக்கிறா. என்னைப் பாக்குறா, மூஞ்சியைத் திருப்பிக்கிறா. அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு. யாரு அவ? முன்னபின்ன தெரியாத பொம்பளை திரும்பிக்கிட்டதுக்கு நான் எதுக்கு அழணும்?"

ஃபெட்டூவின் சிரிப்பு நின்றது. "திரும்பிக்கிட்டாளா? எங்கிட்ட பத்து நிமிஷம் பேசுனாளே. பதினேழாம் வீட்டுக்காரி அவ, டெஸ். நடக்கறதுக்கு வாக்கரை ஊன்றி ஊன்றி வந்து கதவைத் தொறந்து, உள்ள கூப்பிட்டு, பிஸ்கட் டப்பாவைக் கையில குடுப்பாளே! நீ பதினேழுக்குள்ள போனியா இல்லையா?"

"போனேன்," என்றாள் டெஸ். காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"அந்தக் கதவு முன்னாடி நாலு நிமிஷம் திரை அப்படியே நிக்குமே. எனக்கு கேம் தொங்கிப்போச்சுன்னே தோணுச்சு. நல்லவேளை, எங்கம்மா போன் பண்ணாங்க. பேசி முடிச்சுட்டு வந்து பாத்தா, கதவு தொறந்திருக்கு, கிழவி நிக்கிறா. நடக்க முடியாதவ மெதுவாத்தானே வருவா? அடடான்னு இருந்துச்சு."

மெரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு இடைவெளி, மூன்றாவது ஆளாகத் தானே ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். டெஸ்ஸின் கையெழுத்துப் போட்ட படிவம் அவர் கையில் இருந்தது.

5

(இங்கே நான் டெஸ்ஸின் மண்டைக்குள் போக வேண்டும். எனக்கு அங்கே அனுமதி இல்லை. அவள் பிற்பாடு சொன்னதை வைத்து ஒப்பேற்றுகிறேன்.)

அவள் பதினேழாம் வீட்டைத் தட்டியது உண்மை. திரை அசையவில்லை. எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. ஒரு நிமிடம் பார்த்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள், மறுபடி தட்டினாள், மறுபடி ஒரு நிமிடம். மூன்று தடவை. அந்த வாரம் அவள் தலையில் இன்னும் இரண்டு கேம் இருந்தது. பதினொரு வருஷத்தில் எத்தனையோ தொங்கிப்போன திரைகளைப் பார்த்தவள், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பழுது என்று கேவினுக்கு மின்னஞ்சல் எழுதினாள்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "இதிலிருந்து தொடருங்கள்" என்று ஒரே வரி. கூடவே ஒரு கோப்பு. வெளியாகாத கேமில் எங்காவது சிக்கிக்கொண்டால், அதைத் தாண்டிய இடத்திலிருந்து தொடரும்படி இப்படி அனுப்பிவைப்பது இந்தத் தொழிலில் சகஜம். திறந்தாள். பதினேழு கடந்து, பதினெட்டாம் வீட்டு வாசலில் அவள் ஆள் நின்றுகொண்டிருந்தான். ஆடுபவர் பெயர் என்ற இடத்தில் 'டெஸ்' என்று இருந்தது. என்ன மரியாதையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். நோட்டைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. முடித்தாள், ஐந்து போட்டாள், படிவத்தில் கையெழுத்தும் போட்டாள்.

ஒரு வீடுதானே என்று தோன்றியிருக்கும். பதினெட்டில் ஒன்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

6

செவ்வாய்க்கிழமை கேவினைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் கீழ்க்கடையில் வாங்கிய சீஸ் பொரெக் துண்டை வாயில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன், ஃபெட்டூவும் இருந்தான்.

"பதினேழுல பழுதெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே," என்றது கேவினின் குரல். "நாலு நிமிஷம் ஆகும். அவ்ளோதான்."

"தெரியும். இப்பத் தெரியும். நீங்க அனுப்புனீங்களே, அந்தக் கோப்பு..."

"எந்தக் கோப்பு?"

டெஸ் தேதி சொன்னாள்.

"அந்த வாரம் பூரா நான் கடலோரத்துல மீன் புடிச்சிட்டிருந்தேனே. அங்க போனே எடுக்காது. நான் ஒண்ணும் அனுப்பலைங்க."

"உங்க விலாசத்துலேர்ந்துதான் வந்திருக்கு."

"எங்கிட்ட அப்படி எதுவும் இல்லை." பிறகு அவரே கேட்டார், "அந்தக் கோப்புல பதினேழுக்கு நேரா என்ன எழுதியிருக்கு?"

ஃபெட்டூ எட்டிக் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினான். நோட்டைத் திறந்தான். பதினேழாம் வரியை வாசித்தான். "உத்தேசம்."

"இருக்க முடியாது."

"இருக்குதுங்க. பாத்துத்தான் சொல்றேன்."

"அந்த வீட்டுக்கு மட்டும் உத்தேசம்னு எழுதவே முடியாது, தம்பி. அந்தக் கேள்வியையே நான் அங்க வைக்கலை. எவ்ளோ நேரமானாலும் நின்னுதான் ஆகணும். வேற வழியே குடுக்கலை." குரல் கொஞ்சம் கரகரத்தது. "நான் பதினாலு வருஷம் இங்க மீட்டர் பாத்தவன். ஒரு குளிர்காலத்துல நடக்க முடியாத ஒரு கிழவி வீட்டுல தட்டிட்டு, அவ வர்ற வரைக்கும் நிக்காம போனேன். மழை. உத்தேசம்னு எழுதுனேன். மூணு மாசம் கழிச்சு மறுபடி வந்தேன். அப்பவும் அதையே எழுதுனேன்."

"அப்புறம்?" என்றாள் டெஸ்.

"அப்புறம்தான் இந்த கேம்."

பொரெக்கைத் தாளில் சுற்றி ஓரமாக வைத்தேன்.

டெஸ் மெதுவாகக் கேட்டாள், "பஸ் ஸ்டாப்ல அவ மூஞ்சியைத் திருப்பிக்கிறாளே, அது?"

"திருப்பிக்க மாட்டாளே. எல்லார்கிட்டயும் பேசுவா. அப்படி ஒண்ணை நான் செய்யவே இல்லைங்க."

7

அந்த நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த வீட்டில் நீங்கள் செலவிட்ட நேரமும் பதிவாகும். ஃபெட்டூ அழைப்பு முடிந்த பிறகுதான் அதைக் கவனித்தான். முதல் வீடு, முப்பத்தைந்து நிமிடம். இரண்டாவது, இருபது. எல்லாம் அப்படித்தான். பதினேழுக்கு நேரே இருபது மணி நேரம் என்று இருந்தது. அப்புறம் உத்தேசம்.

"யாரோ இருபது மணி நேரம் அந்தக் கதவு முன்னாடி நின்னுருக்காங்க," என்றான் ஃபெட்டூ. "கதவு தொறக்கலை. கடைசில வெறுத்துப்போய் எழுதிட்டு நகந்துருக்காங்க. பேரு டெஸ்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நீ இனிமே ஒரு நாளு ஆடி, போன வாரத்து உனக்கே அனுப்பிச்ச மாதிரி இருக்கு."

"வாயை மூடு."

"மூடிட்டேன். ஆனா மெரின்கிட்ட சொல்லிரு, டெஸ். நான் சொல்ல மாட்டேன். நீயா சொல்லிரு."

"சொன்னா பதினொரு வருஷம் போச்சு."

"சொல்லலைன்னா அந்த ஆளோட ஆறு வருஷம் போச்சு."

(இந்த இடத்தில் ஃபெட்டூவை நான் கொஞ்சம் புத்திசாலியாக்கிவிட்டேனோ என்று சந்தேகம். அவனிடமே கேட்டேன். "நான் சொன்னது இதைவிட நல்லா இருந்துச்சு ஊசோ, நீ கெடுத்துட்ட," என்றான்.)

8

நியாயம் பற்றி ஒரு பத்தி எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எண் போடுவது எளிது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இந்த மாடியில் நான் பார்த்தது வேறு. ஒரு எட்டுக்கும் ஏழுக்கும் நடுவே டெஸ் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். தனக்குத் தூக்கம் வந்ததற்கு கேம் பொறுப்பா, தன் வயசு பொறுப்பா என்று நேர்மையாகத் தன்னையே கேட்டுக்கொள்வாள். அப்படிப்பட்டவள் ஒரு கதவின் முன்னால் மூன்று நிமிடம் நின்று, அதுவும் மூன்று தவணையாக நின்று, உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினாள். கெட்டவர்கள் செய்யும் தவறைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம். எனக்குப் பிடித்தவள் செய்தது என்பதால் ஒவ்வொரு வாக்கியத்திலும் கை இழுக்கிறது. ஆமாம், அவளைக் காப்பாற்றத்தான் பார்க்கிறேன், அதனால்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

9

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு டெஸ் தன் பழைய ஆட்டத்தைத் திறந்தாள். அந்தக் கோப்பு வருவதற்கு முன்னால் அவளே ஆடி வைத்திருந்தது. பதினேழாம் வீட்டுக்குப் போய்த் தட்டினாள்.

நான்கு நிமிடம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை. ஐந்து, பத்து, அரை மணி. ஃபெட்டூ தன் கம்ப்யூட்டரில் அதே வீட்டைப் புதிதாகத் தட்டிக் காட்டினான். நான்காம் நிமிடம் திறந்துவிட்டது. மூன்றாமவராக ஆடிக்கொண்டிருந்த மெரினுக்கும் அன்று மதியமே திறந்தது. அவர் ஆட்டத்தை முடித்து, தன் அறையிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து எட்டு என்று எழுதி உறையில் போட்டார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. டெஸ் தன் எண்ணைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"பழுதுதான் போல, வுட்டுரு," என்றான் ஃபெட்டூ மாலையில்.

"அன்னிக்கும் இதைத்தான் நான் சொன்னேன்."

ஆறு மணிக்கு நாங்கள் கிளம்பினோம். அவள் கிளம்பவில்லை. இரவை நான் எழுதப் போவதில்லை, நான் அங்கே இல்லை.

[இன்னொரு குறிப்பு: ஒரு கோப்பைத் திருத்துவதில் நீங்கள் மொத்தம் எத்தனை மணி நேரம் செலவிட்டீர்கள் என்பதைக் கம்ப்யூட்டர் காட்டும். இந்தக் கதையின் கோப்பிலும் அது இருக்கும். நான் போய்ப் பார்க்கவில்லை.]

10

வியாழன் காலை ஏழரைக்கு நான் மாடியேறியபோது டெஸ் அதே நாற்காலியில் இருந்தாள். கண் சிவந்திருந்தது. திரையில் கதவு அப்படியே மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"கேக்குதா?"

கீழே ரொட்டிக்கடையில் மாவு பிசையும் இயந்திரத்தின் சத்தம்தான் கேட்டது. அப்புறம் அது நின்றது. ஸ்பீக்கரிலிருந்து, ரொம்பத் தூரத்தில் போல, மரத்தரையில் ஏதோ ஊன்றும் ஒலி. ஒரு தட்டு. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு தட்டு.

"வாக்கர்," என்றாள் டெஸ். "ஒரு மணி நேரமா கேக்குது. அந்த வீட்டு நடைவழி இவ்ளோ நீளமா இருக்க முடியாது."

எட்டு மணிக்கு மெரின் வந்தார். டெஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"மெரின், நான் பதினேழுக்குள்ள போகலை. போகாமலே கையெழுத்துப் போட்டேன். திங்கக்கிழமை உன் மூஞ்சியைப் பாத்துப் பொய்யும் சொன்னேன்."

மெரின் கோட்டைக் கழற்றாமல் நின்றார். எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. அவர் அலமாரியைத் திறந்தார், டெஸ்ஸின் உறையை எடுத்தார், நாலாகக் கிழித்தார்.

"சட்டம் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சவ நீயே இப்படிப் பண்ணிட்டியேடி." மெரின் குரல் உடைந்து நான் அன்றுதான் கேட்டேன். டெஸ்ஸின் தோளில் கை வைத்தார், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். "சரி, முடிஞ்சுது. எந்திரி. வீட்டுக்குப் போய்த் தூங்கு."

"முடியலை. யாரோ வந்துட்டிருக்காங்க, மெரின். இவ்ளோ தூரம் நடந்து வந்துட்டாங்க. இப்பப் போய் நான் எழுந்துபோனா?"

ஒன்பது மணிக்கு எங்கள் விமர்சனம் வெளியாயிற்று. ஒன்பதும் எட்டும் மட்டும். கீழே மெரின் ஒரு வரி சேர்த்திருந்தார்: "எங்கள் விமர்சகர் ஒருவர் முழுதும் ஆடாமல் எண் போட்டார்; அந்த எண்ணை விலக்கிக்கொண்டோம்." அந்த வரியைத் திருத்தத்தான் எனக்குச் சம்பளம். திருத்த ஒன்றும் இருக்கவில்லை. டெஸ்ஸின் பதினொரு வருஷம் அந்த வரிக்குள் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அவளுக்குத் தேநீர் கொண்டுபோனேன். இருபது மணி நேரம் ஆக இன்னும் எட்டு நிமிடம். தட்டும் சத்தம் இப்போது கதவை ஒட்டியே கேட்டது. திரையில் கதவுக்கு மேலே, இதுவரை இல்லாத இடத்தில், மங்கலாக எழுத்துகள் எழும்பத் தொடங்கியிருந்தன. என்ன எழுத்து என்று படிக்குமளவுக்குத் தெளிவில்லை.

"வெளில போ. கதவைச் சாத்திட்டுப் போ," என்றாள் டெஸ்.

போனேன். மாடிப்படியில் நின்றேன்.

11

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

"கதவு திறந்தது. கிழவி சிரித்தாள், 'உள்ள வாம்மா, கெட்டில் இப்பத்தான்" (இது ரொம்ப இனிப்பு. டெஸ் படித்தால் ஐந்துகூடப் போட மாட்டாள்.)

"எழுத்துகள் தெளிந்தன. 'உத்தேசம் என்று எழுதவா?' டெஸ்ஸின் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. இருபது மணி நேரம் காத்திருந்தவள் களைத்திருந்தாள், ஆம் என்று அழுத்தினால் அந்தக் கோப்பு பின்னால் போய், போன வாரத்து டெஸ்ஸின் பெட்டியில்" (இதை எழுதும்போது அறையின் கதவைச் சாத்தியிருந்தேனா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அதோடு நிறுத்திவிட்டேன்.)

"கதவைத் திறந்தது கேவின்" (வேண்டாம்.)

நடந்தது இவ்வளவுதான்: பத்து ஐந்துக்கு டெஸ் வெளியே வந்தாள். பையை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கி, டிராமுக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

இந்தக் கதையை வாய்மொழியாக மொழிபெயர்த்து அவளிடம் சொன்னேன். இப்போது அவள் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறாள். முழுக்கக் கேட்டாள். கதவு திறந்ததா என்று கேட்டேன்.

"நீ எங்க நின்ன?"

"படியில."

"அப்ப உனக்குத் தெரியாதுல்ல? தெரியாததை எழுதாத," என்றாள்.

அவளுடைய பழைய கம்ப்யூட்டர் இன்னும் பக்கத்து மேசையில்தான் இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. நோட்டைத் திறந்து பதினேழாம் வரியைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒரு நொடியில் தெரிந்துகொள்கிற ஆசை எனக்கும் இருக்கிறது, தினமும் இருக்கிறது. அதனால்தான் முடிவை என் கையில் வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது. உங்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

நான் படியில் நிற்கிறேன். உள்ளே டெஸ் இருக்கிறாள். அவளிடமிருந்து இனிமேல் யாரும் எடுத்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை, ஆனாலும் உட்கார்ந்திருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்று மூச்சு வாங்குகிறார்கள். எட்டு நிமிடம் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து, நிஜமாகவே எட்டு நிமிடம், இந்தப் பக்கத்தின் முன்னால் உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள், முடிவு என்னவென்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.